வால்முடியின் வேர்

கமலாத்தாளிடம் பேச்சுக் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் வீடு திரும்பியவர்கள் எருத்தேம்பதியில் யாரும் இல்லை. கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவரை நிறுத்தி, வீட்டைப் பூட்டிக்கொண்டு போன நாளில்கூட மீட்டர் ஏன் ஓடுகிறது என்று கேட்பாள். மிருகாசுபத்திரி டாக்டர் மாட்டுக் கழுத்தில் ஊசி போட்டால், கழுத்தில் போன மருந்துக்கு வயிற்றுக்கு வழி யார் சொன்னது என்று கேட்பாள். பதில் வந்தால் விட்டுவிடுகிற ரகமும் இல்லை. அந்தப் பதிலுக்குள்ளிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பாள். புருஷன் ஆறுமுகசாமி இதற்கு நேர் எதிர். கேட்டதற்கே பாதி வாய்தான் திறப்பார். அவர் பங்கையும் சேர்த்து இவளே பேசிவிடுவதால் வீட்டில் யாருக்கும் குறை தெரிந்ததில்லை.

தாராபுரம் பக்கத்திலிருந்து அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, அம்மா வீட்டில் ஒரு காங்கேயம் பசுவைச் சீராகக் கொடுத்தார்கள். அந்தப் பசுவின் மகள், மகளின் மகள் என்று கட்டுத்தரையில் ஒன்று மாறி ஒன்று நின்றுகொண்டே இருந்தது. ஊரே ஜெர்சிக்கு மாறியபோதும் கமலாத்தாள் மாறவில்லை. நடுவில் ஒரு பஞ்ச வருஷத்தில் தீவனம் இல்லாமல், இன்னும் கன்று போடாத ஒரு கிடாரியைச் சந்தைக்கு அனுப்பியதோடு சரி. அதற்கும் ஒரு வாரம் அழுதாள். பிறகு அம்மா போய்ச் சேர்ந்தாள். அண்ணன்மார் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போனார்கள். அம்மா வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு மிஞ்சியது இந்த மாட்டு வழி மட்டும்தான். அதிலும் இப்போது நிற்கிற மயிலை என்கிற சாம்பல் நிறப் பசுவுக்கு வயதாகிவிட்டது. பெண் கன்றே போடாத மாடு. கடைசியாகப் பிறந்த காளைக் கன்றோடு அதன் பேறுகாலம் முடிந்துவிட்டது.

அந்தக் கன்றுதான் ராசு. அவன் பிறந்தபோது கமலாத்தாள் ஊரில் இல்லை. மகள் தமிழ்ப்ரியாவின் பிரசவத்துக்காகக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்து பார்த்தால், மயிலை ஒரு செவலைக் கன்றை நக்கிக்கொண்டு நிற்கிறது. காங்கேயம் கன்று எல்லாமே பிறக்கும்போது செவலைதான். வளர வளரத்தான் நிறம் மாறும். அவள் கன்றின் முகத்தைக் கையில் ஏந்தி, அம்மாவைப் பார்த்ததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் ஆறுமுகசாமிக்குத் தோள்பட்டை வலி. கையைத் தூக்க முடியவில்லை. தேங்காய் மூட்டை தூக்கினேன் என்றார். இந்த வயசில் என்ன மூட்டை வேண்டிக் கிடக்கிறது என்று திட்டிக்கொண்டே தைலம் தேய்த்துவிட்டாள்.

ராசு வளர்ந்து திமில் நிமிர்ந்து நின்றபோது யோகப்பிரியா வந்தாள். ஆறுமுகசாமியின் தங்கை மகள். கோயமுத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. நாட்டு மாடுகளைக் காப்பாற்றுவதற்கென்று உண்டான சங்கம் ஒன்று இனம் பெருக்க ஊர் ஊராகப் பொலிகாளை தேடுகிறது. தேர்ந்தெடுக்கும் காளைக்கு இன்ன மாடுதான் தாய் என்று டி.என்.ஏ. பார்த்து உறுதி செய்து தருவது அவள் வேலை. வரும் வழியில் மேய்ச்சலில் நின்ற ராசுவைப் பார்த்ததும் அவளுக்குப் பிடித்துவிட்டது.

"ராசுவோட வால் முடியும் மயிலையோட வால் முடியும் தனித்தனிக் கவர்ல போட்டு அனுப்புங்க அத்தை. மாடு ரண்டும் மேய்ச்சல்ல இருக்குதுங்களே, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"முடியில என்ன அம்மிணி தெரியும்?"

"அவன் மயிலைக்குப் பொறந்தவன்தானான்னு தெரியுமுங்க."

"அதைத் தெரிஞ்சுக்க முடி வேணுமா? நான் சொன்னாப் பத்தாதா?" என்று கமலாத்தாள் சிரித்தாள். ஆனால் அம்மா வீட்டு மாட்டு வழி ராசு மூலம் நாலு ஊருக்குப் போகும் என்ற நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை.

முடி போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. "அத்தை, கத்திரி வெச்சு வெட்டுனீங்களா?"

"பின்னே? புடுங்குனா அதுக்கு வலிக்காதா?"

"எங்களுக்கு வேணுங்கறது முடியோட வேருங்க. உசுருள்ள செல்லு அங்கதான் ஒட்டியிருக்கும். வெட்டுன முடியில நான் தேடறது இல்லீங்க அத்தை."

அப்படியானால் முடி உயிரில்லாததா, உயிரில்லாதது எப்படி வளர்கிறது என்று கமலாத்தாள் கேட்டாள். போனில் அரை மணி நேரம் போயிற்று. பிறகு கட்டுத்தரைக்குப் போய், மயிலையின் முதுகைத் தடவி, "பொறுத்துக்க சாமி, ராசுவுக்காகத்தான்" என்று சொல்லிக்கொண்டே வேரோடு பிடுங்கினாள். மயிலை ஒரு தடவை காலை உதைத்ததோடு சரி.

முடிவைப் போனில் சொல்லாமல் யோகப்பிரியா நேரிலேயே வந்தாள். தின்பண்டம் எதையும் தொடாமல் லேப்டாப்பைத் திறந்தாள். கமலாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். திரையில் ஒரு கோடு நெடுகப் போய், அங்கங்கே கூர் கூராக மேடு கட்டியிருந்தது.

"இத்துனூண்டு வேர்ல இருந்து இத்தனையும் எப்படி அம்மிணி எடுத்தே?"

"நகல் எடுப்போமுங்க. டி.என்.ஏ. ரண்டு இழை முறுக்கிக்கிட்டு இருக்கும். சூடு பண்ணினா பிரிஞ்சுக்கும். ஒவ்வொரு இழைக்கும் எதிர் இழையைக் கட்ட வெச்சா ஒண்ணு ரண்டாகும். மறுபடியும் சூடு பண்ணினா ரண்டு நாலாகும். அப்படியே பெருக்கிக்கிட்டுப் போவோம்."

"ஒரு சொட்டு உறை மோரு ஒரு சட்டிப் பாலையும் தயிராக்கற மாதிரி."

"கிட்டத்தட்ட அப்படித்தானுங்க." யோகப்பிரியா சிரிக்கவில்லை. "டி.என்.ஏ.ங்கறது நாலே எழுத்துல எழுதின நீளமான வரிங்க அத்தை. சில இடத்துல ஒரே எழுத்துக் கூட்டம் திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை வருதுங்கறது மாட்டுக்கு மாடு மாறும். ஒவ்வொரு இடத்துலயும் ரண்டு பங்கு இருக்கும். ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பன் குடுத்தது. இந்த ரண்டு மேடும் மயிலையோடது. கீழ இருக்கறது ராசுவோடது."

கமலாத்தாள் மேலும் கீழும் பார்த்தாள். ராசுவின் மேடு இரண்டில் ஒன்றாவது மயிலையின் மேட்டுக்கு நேர் கீழே நிற்கவேண்டும். நிற்கவில்லை. அடுத்த இடம் காட்டச் சொன்னாள். அங்கே ஒன்று பொருந்தியது. அதற்கடுத்த இடத்தில் பொருந்தவில்லை. அதற்கும் அடுத்ததில் இல்லை.

"ஒரு இடத்துல மட்டும் தப்புனா வேற காரணம் இருக்கலாமுங்க. இது பல இடத்துல. அங்கங்க ஒண்ணு பொருந்தறது தற்செயல். ராசு மயிலைக்குப் பொறக்கலீங்க அத்தை. ஆனா சங்கத்துல ஒண்ணும் பிரச்சனை இல்லை. அவன் நல்ல காங்கேயம்தான். தாய் பேரை மட்டும் எடுத்துட்டு அவனைச் சேத்துக்குவாங்க."

அது ஆறுதல் என்று நினைத்து யோகப்பிரியா சொன்னாள். கமலாத்தாளுக்கு அது காதிலேயே விழவில்லை. முடி மாறியிருக்கும் என்றாள். பிடுங்கியது அவளேதான் என்பது அவளுக்கே ஞாபகம் வந்தது. கவர் மாறியிருக்கும் என்றாள். அதுவும் இல்லை. கடைசியில், இவ்வளவு நேரமும் சோளத்தட்டுக் கட்டோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்த ஆறுமுகசாமியைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் கட்டைக் கீழே வைத்தார்.

"மயிலை போட்ட கன்னு செத்துத்தான் பொறந்துச்சு" என்றார். "நீ அங்க புள்ள பெத்தவளப் பாக்கறதா, இதைக் கேட்டு அழுவறதா. ஆத்துக்கு அந்தப் பக்கம் மாரப்பன் ஊட்டு மாடு கன்னுப் போட்டுட்டுச் செத்துப்போச்சுன்னு பால் சொசைட்டில சொன்னாங்க. அந்தக் கன்னைக் கொண்டாந்தேன். செத்த கன்னைத் தொடச்ச சாக்கை எடுத்து அது மேல போத்தி, உப்பைத் தூவி வுட்டேன். மயிலை மோந்து பாத்துட்டு நக்கிருச்சு."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அந்த வீடு கேட்டதில்லை.

"அதும் உங்கம்மா ஊட்டு மாட்டு வழிதான் கமலா" என்று மெல்லச் சேர்த்தார். "பஞ்சத்துல அனுப்புன கிடாரியை நான் சந்தையில விக்கலே. மனசு வரலே. மாரப்பனோட அப்பன்கிட்டத்தான் வளக்கக் குடுத்தேன். சொன்னா நீ மறுநாளே போயிப் புடிச்சுட்டு வந்துருவே. தீவனத்துக்கு எங்க போறது? ராசுவைப் போட்டுட்டுச் செத்த மாடு அந்தக் கிடாரியோட மக."

"அப்பவும் பொய்யி, இப்பவும் பொய்யி" என்றாள் கமலாத்தாள். "இனி நீங்க எதைச் சொன்னாலும் நான் எதை வெச்சுங்க நம்பறது?"

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மீட்டர்காரர் வந்து, கேள்வி எதுவும் வராததால் பயந்துபோய், உடம்பு சரியில்லையா என்று அவரே கேட்டுவிட்டுப் போனார். ராசுவுக்குத் தண்ணீர் காட்டும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது. அவன்மேல் கோபம் இல்லை. அம்மா முகம் என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாள் யார் முகத்தைத் தடவினோம் என்றுதான் துக்கம். புருஷன் சொன்னது நிஜமாக இருந்துவிட வேண்டுமே என்று ஏங்கினாள். ஆசைப்பட்டு நம்பி, மறுபடியும் ஏமாந்துபோக அவளுக்குத் தெம்பு இல்லை.

ஆனால் கேள்வி கேட்டுப் பழகிய மனசு எத்தனை நாள் சும்மா கிடக்கும்? ஒரு நாள் சாணி அள்ளிக்கொண்டிருந்தவள், பாதியிலேயே எழுந்து போய் யோகப்பிரியாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மிணி, அப்பன் பங்கு கலக்காம, அம்மா வழியை மட்டும் காட்டற எழுத்து ஏதாச்சும் இருக்குதா?"

"இருக்குதுங்க அத்தை. செல்லுக்குள்ள சின்னச் சின்ன அறை மாதிரி இருக்கும். செல்லுக்கு வேணுங்கற சக்தியை அதுதான் உண்டாக்குது. அதுக்குன்னு தனியா ஒரு டி.என்.ஏ. உண்டு. அது அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வரும். அப்பனோடது சேராது."

"நல்ல ஏற்பாடுதான்" என்றாள் கமலாத்தாள். "அப்படின்னா மயிலைக்கும் ராசுவுக்கும் அதைப் பாரு. கிடாரி விஷயம் நிஜம்னா ரண்டும் ஒண்ணாத்தானே இருக்கோணும்?"

"ஒண்ணா இல்லைன்னா மாமா சொன்னது பொய்யின்னு சொல்லிரலாம். ஒண்ணா இருந்தா நிஜமா இருக்கலாம்னுதான் சொல்ல முடியும். சொந்தமே இல்லாத மாடுகளுக்குக்கூட அது ஒண்ணா இருக்கறது உண்டுங்க."

எடுத்து வைத்திருந்த முடி வேர் போதும் என்றாள் யோகப்பிரியா. இந்தத் தடவை மேடுகளை ஒப்பிடுவது இல்லை. எழுத்துகளை ஒவ்வொன்றாக வரிசையாக வாசித்து, மயிலையின் வரிக்குக் கீழே ராசுவின் வரியை வைத்துப் பார்ப்பது. முடிவு வரும்வரை கமலாத்தாள் போனைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டே திரிந்தாள். போன் அடிக்கும்போதெல்லாம் ஆறுமுகசாமி சோளத்தட்டு வெட்டுகிற கத்தியை நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி வெட்டினார்.

"அத்தை, முதல் எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும் ரண்டும் ஒண்ணுதானுங்க" என்றாள் யோகப்பிரியா. "அதுல ஒரு இடத்துல இருக்கற எழுத்து, நாங்க இதுவரைக்கும் பாத்த எந்த மாட்டுலயும் இல்லாத எழுத்து. மயிலைகிட்ட இருக்குது, ராசுகிட்ட இருக்குது."

கமலாத்தாள் சந்தோஷத்தில் கட்டுத்தரைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வழக்கம்போல, பதிலுக்குள்ளிருந்து அடுத்த கேள்வியை எடுத்தாள்.

"ராசு அந்த எழுத்தைத் தன்னோட கன்னுக்குக் குடுப்பானா?"

"இல்லீங்க. அவன் மத்ததெல்லாம் குடுப்பான். இது பொட்டைக் கன்னு வழியாத்தான் போகும்."

"அப்ப பொட்டைக் கன்னு ஏதாச்சும் இருக்குதான்னு மாரப்பனத்தான் கேக்கோணும்."

மறுநாளே கோரையாற்றைத் தாண்டிப் போனாள். மாரப்பனின் தென்னந்தோப்பில் மயிலை நிறத்தில் ஒரு பசு அசை போட்டுக்கொண்டு நின்றது. ராசுவின் கூடப் பிறந்த அக்கா. அதன் காலடியில் ஒரு செவலைக் கிடாரிக் கன்று படுத்திருந்தது. கமலாத்தாள் கன்றைத் தொடாமல் கொஞ்ச நேரம் தள்ளியே நின்று பார்த்தாள். பஞ்ச வருஷத்துக் கிடாரி தன் புருஷன் கொடுத்ததுதானா என்று மாரப்பனைக் கேட்டாள்.

"அவரு குடுத்ததுதானுங்க அக்கா. அப்பன் அடிக்கடி சொல்லும்" என்றார் மாரப்பன். "ராசுவைக் கொண்டுபோக வந்தாரே, அந்த நாளை நான் மறக்கவே மாட்டேனுங்க. அன்னைக்கு ஹர்த்தால். பஸ்ஸு, ஆட்டோ ஒண்ணும் ஓடலே. உங்க ஊர்லயே ரண்டு ஊட்டுல கன்னுக் குடுக்கறேன்னாங்களாம். வேண்டாம், எங்க ஊட்டம்மாவோட சீர் மாட்டு வழிக் கன்னுதான் வேணும்னு வெயில்ல நடந்தே வந்துட்டாரு. கன்னுக்கு எந்திரிச்சு நிக்கவே தெம்பில்லை. தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு, அதே மாதிரி நடந்து போனாரு. பாதி வழி நான் தூக்கறேன்னேன், வுடலீங்க."

கமலாத்தாள் மாரப்பன் வைத்த காப்பியைக் குடித்துவிட்டு, வேறு யாருக்கும் அந்தக் கிடாரிக் கன்றைக் கொடுத்துவிடாதே என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். திரும்பி வருகிற பஸ்ஸில், தோள் வலிக்குத் தேங்காய் மூட்டை என்று புருஷன் சொன்னது ஞாபகம் வந்தது. அந்த மாதம் தோப்பில் தேங்காயே போடவில்லை. அது அப்போதே அவளுக்குத் தெரியும். ஊரில் எல்லாரையும் துருவித் துருவிக் கேட்கிறவளுக்கு அதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஆறுமுகசாமி கட்டிலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அவள் நேராக உள்ளே போய்த் தைலப் புட்டியை எடுத்து வந்தாள்.

"ஏனுங்க, தோள்ல வலி இருக்குதுங்களா?"

"எந்த வலி?"

"ராசுவைத் தூக்கியாந்த வலி."

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். "அது எப்பவோ போச்சே கமலா."

"பரவால்லீங்க" என்றாள். "சட்டையைக் கழட்டுங்க."