அலமாரிக்குப் பின்னால் திருச்செல்வம்

திருச்செல்வம் மலேசியாவின் கிள்ளானில் என்னோடு படித்தவன். பிறந்ததும் அங்கேதான். ஆனால் அவனுக்கு ஐசி, அந்த அடையாள அட்டை, கிடையாது.

அவன் அப்பா இந்த நாட்டுக் குடிமகன். அம்மாவிடம் எந்த நாட்டு ஆவணமும் இல்லை. கோயிலில் தாலி கட்டியாயிற்று, ஊரே பார்த்தது, பதிவு எதற்கு என்று இருந்துவிட்டார்கள். சட்டத்துக்கு அது கல்யாணமே இல்லை. பிள்ளை அம்மாவைப் போலவே எந்த நாட்டையும் சேராதவன் ஆனான்.

குடியுரிமைக்கு அவன் போட்ட விண்ணப்பங்கள் திரும்பி வந்தன. ஐசி கேட்காத வேலை ஒன்றுதான் நிலைத்தது: பிறந்தநாள் விருந்துகளில் வேங்கைமாறன் வேஷம். காமிக்ஸில் வேங்கைமாறன் பறப்பான், லோரியைத் தூக்குவான். பகலில் அவன் குமரேசன் என்ற கிளார்க். பிள்ளைகளுக்குக் குமரேசனைப் பிடிக்காது. திருச்செல்வத்துக்கு அவனை மட்டும்தான் பிடிக்கும்.

"பறக்கறது யாருக்குடா வேணும்? அவனுக்கு பேங்க் கார்டு இருக்கு, லைசென்ஸ் இருக்கு. லீவு கேட்டா திட்டறதுக்கு ஒரு மேனேஜர்கூட இருக்கான் லா!"

நான் பட்டம் வாங்கிய கையோடு, நான் யார் என்று யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. அவனிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அந்தக் காமிக்ஸை நாடகமாகப் போடவிருந்த வசுந்தரா அக்கா ஒரு விருந்தில் அவனைப் பார்த்தார். "மாஸ்க்க கழட்டு தம்பி. அட, அசல் கிளார்க் மூஞ்சி! நீதான் என் குமரேசன்."

அவன் வெள்ளைச் சட்டை வாங்கினான். கண்ணாடி முன் நின்று லீவு கேட்டுப் பழகினான்.

பிறகு அக்கா ஐசி நகல் கேட்டார்.

நடிகர் எல்லாருக்கும் ஒப்பந்தம், காப்பீடு. அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. குமரேசன் வேஷம் ரிஷி என்ற நடிகனுக்குப் போனது. "நீ மாஸ்க்குக்குள்ள நில்லு தம்பி. ரெண்டு வேஷமும் ரிஷிதான்னு எழுதிக்கறேன். உன் பேரு வேணாம்."

அவன் சரி என்றான். வேறென்ன சொல்வான்?

முதல் காட்சிக்குப் போயிருந்தேன். ரிஷி வெள்ளைச் சட்டையில் மேடையில் இருந்த அலமாரிக்குப் பின்னால் ஓடினான். மறுநொடி திருச்செல்வம் பாய்ந்து வந்தான். அரங்கமே அலறியது. சண்டை முடிந்து மறுபடி அலமாரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. ரிஷிதான் வந்தான், முகமூடியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு. பிள்ளைகள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நானும் கை தட்டினேன். எல்லாரும் தட்டும்போது எப்படிச் சும்மா இருப்பது?

பின்பக்கமாகப் போனேன். புலிக்கோடு போட்ட உடையில், வெறும் முகத்தோடு, அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான்.

"வெளிய எல்லாரும் போயிட்டாங்களாடா?"

"இல்லடா. ரிஷிகூட போட்டோ எடுக்கறாங்க."

"என்னைப் பாத்தா குழம்பிடுங்க, சின்னப் புள்ளைங்க," என்றான். வெளியே சத்தம் அடங்கவேயில்லை. அவன் கால்களை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டான்.