மாரிகுப்பம் ரயிலில் ஒரு வளைகாப்பு

போன மாதம் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் என் மகள் ஒரு சட்டையைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தாள். சிவப்புத் துணி, மார்பில் கொம்பு வைத்த மான், சுற்றிலும் வெண்பனி. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா தங்கச்சி, வெலய கேக்கறதுக்கு முன்னயே சிரிக்கறீங்க?" என்றார் கடைக்காரர். அவருக்கு எப்படிச் சொல்வது? இவள் என் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது இதே போன்ற மான்களைத்தான் பெங்களூர் கார்மெண்ட்ஸில் நான் தைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஆவணி மாதம். கடல் தாண்டிப் போகிற கிறிஸ்துமஸ் உடுப்புகளை எங்களுக்கு ஆவணியிலேயே தைத்து முடிக்க வேண்டும். அங்கே ஒரு குழந்தை பண்டிகையன்று காலையில் போட்டு, படம் பிடித்து, மறுநாள் கழற்றிப் போடப்போகிற சட்டை. மறு வருஷம் குழந்தை வளர்ந்துவிடும், வேறு சட்டை, வேறு மான். அந்த ஒரு காலைக்காக இங்கே எங்களுடைய ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாகப் போயின. வளைகாப்புக்கு என் மாமியார் குறித்து வைத்திருந்த ஞாயிறும் போயிற்று. அன்றைக்கு லாரி ஏற்ற வேண்டும், லீவு கேட்டால் வேலையே இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். தாயில்லாத எனக்குத் தலைப்பிள்ளை. தங்கவயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ரயிலில் உட்கார்ந்து அழுதேன்.

பக்கத்தில் அக்கா இருந்தார். ஊரிகாமில் ஏறுவார். தைத்த உடுப்பில் பிசிறு பார்க்கிற வேலை, பிசிறு இருந்தால் ஊரையே கூட்டிவிடுகிற தொண்டை. எங்கள் கம்பெனிப் பெண்கள் ஏறுகிற மகளிர் பெட்டியில் எல்லோருக்கும் அவர் அக்காதான். அவருடைய அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். "அப்ப பூமிய தோண்டினு போனாங்க, இப்ப காலண்டர்ல ஞாயித்துக்கெழமய தோண்டறாங்க" என்று சொல்லிவிட்டு, என் கண்ணைத் துடைத்தார். "வூட்ல நேரமில்லன்னா இன்னா? ரயிலு நம்மளுதுதானே? ஒன் மாமியாரயும் கூட்டினு வா."

ரயிலில் சீமந்தமா என்று மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் ஞாயிறு விடியலில் புளிசாதமும் எலுமிச்சை சாதமும் தூக்குகளில் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றார். ஜன்னல் கம்பியெல்லாம் பூச்சரம். சந்தனம் பூசும்போது ரயில் குலுங்கி, பாதி என் மூக்கில் அப்பியது. கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறினவர்கள், சாம்பியனில் ஏறினவர்கள் என்று யார் யாரோ என் கையில் வளையல் அடுக்கினார்கள். பாட்டு, சிரிப்பு, சாதம். கண்ணாடி வளையல் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது. வீடு திரும்பப் பங்காரப்பேட்டையில் இறங்கும்போது மாமியார் என் கன்னத்தை வழித்து, "புள்ள பொறக்கற வரிக்கும் ஒண்ணயும் கழட்டக்கூடாது, தெரிதா?" என்றார்.

அந்தச் சொல்லோடு கம்பெனி வாசலுக்குப் போனேன். சோதனை செய்கிற பெண் என் கையைப் பார்த்து, கழற்றச் சொன்னாள். கண்ணாடி உள்ளே வரக்கூடாது என்பது துணி வாங்குகிறவர்களுடைய சட்டம். ஒரு சில்லு உடைந்து குழந்தைச் சட்டைக்குள் போய்விட்டால்? சட்டம் தப்பென்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் கை அசைய மறுத்தது. அக்கா என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். பிறகு பெட்டியே உட்கார்ந்தது. சந்தனப் பொட்டோடு கோலார் தங்கவயல் மொத்தமும் வாசலில். உள்ளே மிஷின்கள் சும்மா கிடந்தன. மேனேஜர் ஓடி வந்தார்.

"அந்தக் கொழந்த மேல கண்ணாடி படக்கூடாது, சரி. இந்தக் கொழந்தைக்கு வளையலு வேணும், அதுவும் சரிதானே?" என்றார் அக்கா, குரலை உயர்த்தாமல். "ரெண்டும் நடக்கறாப்புல ஒரு வழி சொல்லுங்க சார், உள்ள வர்றோம். எங்களுக்கு இன்னா அவசரம்?"

அவசரம் யாருக்கென்று மேனேஜருக்குத் தெரியும். லாரி வந்து நின்றிருந்தது. கடைசியில், வெட்டிப்போட்ட மான் துணியை எடுத்து வந்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வளையல்மேல் இறுக்கிச் சுற்றினார்கள். தையலை விட்டு என்னை அட்டைப்பெட்டி ஒட்டுகிற இடத்தில் உட்கார வைத்தார்கள். சண்டையில் கை உடைந்தவள் மாதிரி இருந்தேன். என் இரண்டு கையிலும் மான்கள் ஓடின. போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனாலும் ஒரு குறை. வளையல் சத்தம் கேட்டுத்தான் வயிற்றுப் பிள்ளை விழிக்கும் என்பார்கள். துணிக்குள் வளையல் ஊமையாகிவிட்டது. பிள்ளையும் அன்று பகல் முழுக்க அசையவில்லை. யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டே இருந்தேன்.

மாலை ரயில் கிருஷ்ணராஜபுரம் தாண்டியதும் அக்காவிடம் சொன்னேன். அவர் என் கைகளை மடியில் வைத்துத் துணியை மெல்ல அவிழ்த்தார். ஒன்றுகூட உடையவில்லை. இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து என் வயிற்றருகே கலகலவென்று குலுக்கினார். பெட்டி முழுவதும் எட்டிப் பார்த்தது. ஒரு உதை விழுந்தது. சேலைக்கு மேலேயே தெரிந்தது.

"இன்னாடி" என்று வயிற்றைப் பார்த்துக் கேட்டார் அக்கா, "ஷிப்டு முடியட்டும்னு இருந்தியா?"