ஃபேமிலிக்கு மட்டும்

நான் வீட்டு புரோக்கர் ஆனது திட்டம் போட்டு அல்ல. பதினெட்டு வருடம் சமூக அறிவியல் நடத்திய தனியார் பள்ளியை, பிள்ளைகள் குறைந்துபோய் மூடிவிட்டார்கள். அடுத்த வருடம் அம்மா இறந்துபோனாள். நானும் அம்மாவும் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு சூட்கேஸோடு பம்மலில் தம்பி வீட்டுக்குப் போனேன். காலி செய்த அன்று ஓனர், "டீச்சர், தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க" என்றார். சர்ச்சில் ஒரு குடும்பத்திடம் சொன்னேன். அவர்கள் குடிவந்ததும் ஓனர் என் கையில் ஒரு கவரைக் கொடுத்தார். அட, இதற்குக்கூடவா காசு என்று இருந்தது. அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. தொழிலுக்குள் வந்தது அப்படித்தான்.

தம்பி தங்கமானவன். அவன் மனைவியும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டாவது எங்காவது போயிருப்பேன். இரண்டு அறை, ஒரு ஹால். அவர்கள் நான்கு பேர், நான் ஐந்தாவது. டி.வி. அணைந்த பிறகு ஹாலில் பாய் விரிப்பேன். பால் பாக்கெட் வருவதற்குள் சுருட்டிவிடுவேன். அந்த வீட்டில் நான் தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரே இடம் பாத்ரூம். அதற்குள்ளும் நிம்மதியாக அழ முடியாது. "அத்தை, ஸ்கூல் வேன் வந்துடும்" என்று கதவைத் தட்டுவார்கள்.

முழுநேரமாக இறங்கியபோது, தொழில் கற்றுக்கொள்ளலாம் என்று தாம்பரத்தில் ஓர் ஓட்டல் மாடியில் நடந்த இலவச வகுப்புக்குப் போனேன். முதல் சொத்து வாங்கி வாடகைக்கு விடுவது எப்படி என்று கோட் போட்ட ஒருவர் பேசினார். "வீட்டை மனசால பார்க்காதீங்க, அது ஆபத்து" என்றார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள், நானும் எழுதிக்கொண்டேன். வந்தவர்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக வந்திருந்தார்கள். கடைசியில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். அதில் கூட்டாக வாங்குபவர் பெயர் என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டுவிட்டு, சமோசாவைத் தின்றுவிட்டு வந்தேன்.

தொழிலை உண்மையில் கற்றது மற்ற புரோக்கர்களின் வாட்ஸ்அப் விளம்பரங்களைப் பார்த்துத்தான். சிங்கிள் பெட்ரூம், இரண்டாவது மாடி, நல்ல தண்ணீர், காற்றோட்டம், ஃபேமிலிக்கு மட்டும். இந்தக் கடைசி வார்த்தை, லீவு லெட்டரில் 'இப்படிக்கு' என்று எழுதுவது போல, கை தானாக எழுதிவிடும். ஓனரிடம் கேட்பதே இல்லை. யாராவது போன் செய்தால் முதல் கேள்வி, "எத்தனை பேர்?" "நான் மட்டும்தான்" என்று பதில் வந்தால், "கஷ்டம்பா, ஓனர் ஒத்துக்க மாட்டாங்க" என்று சொல்லி வைத்துவிடுவேன். சொல்லும்போது எனக்கு உறுத்தியதே இல்லை. என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் ஒரு வீடு கைக்கு வந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, சின்ன அபார்ட்மென்ட். ஓனர் நாகர்கோவில் பக்கத்து அம்மா, ஓய்வுபெற்ற நர்ஸ். ரிட்டயர்மென்ட் பணத்தில் முதலீடாக இருக்கட்டும் என்று வாங்கிப்போட்டது. முன்பு இருந்தவர்கள் காலி செய்தபோது, எங்கள் சர்ச்சில் விசாரித்து என் நம்பரை வாங்கி, சாவியைக் கூரியரில் அனுப்பிவிட்டார். முகம் பார்க்காத ஆளை நம்பிச் சாவி அனுப்புகிற மனுஷி இந்தக் காலத்திலும் இருக்கிறார்.

முதல் நாள் பெருக்கித் துடைக்கப் போனேன். கதவைச் சாத்தி, பழக்கதோஷத்தில் தாழ்ப்பாளும் போட்டேன். வேலை முடிந்தது. வெயில் தாழட்டும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான், யாருமே கதவைத் தட்டவில்லை என்பது உறைத்தது. அன்றைக்கு அழுதேன், நன்றாகச் சத்தம் போட்டு. அம்மா போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு மதியச் சாப்பாடு அங்கேதான். ஒரு கோரைப்பாய், ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு துண்டு, இவ்வளவுதான் என் சாமான். சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுப்பேன். சர்ச்சில் பாடும் ஞானப்பாட்டுகளைப் பாடுவேன், சுருதி விலகினால் யாருக்கென்ன. இப்படி ஒரு மாதம், இரண்டு மாதம், நான்கு மாதம்.

வாடகைக்குப் போக வேண்டிய வீடு எப்படி நான்கு மாதம் காலியாக இருந்தது? என் கைங்கரியம்தான். வெயில் மேற்கு ஜன்னலில் நேராக அடிக்கும் மூன்று மணிக்குத்தான் பார்ட்டியைக் கூட்டிப்போவேன். சைவக் குடும்பம் என்றால், கீழ்வீட்டில் கருவாடு வறுப்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்வேன். வயதானவர்கள் வந்தால் படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவேன். ரயில் சத்தம் கேட்டால், "ராத்திரியில இன்னும் நல்லாக் கேக்கும்" என்பேன். ஒன்றுகூடப் பொய் இல்லை. மற்ற புரோக்கர்கள் அட்வான்ஸ் வாங்கிய பிறகு சொல்வதை நான் முன்னாலேயே சொன்னேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடியும் நேரத்துக்கு அந்த அம்மாவிடமிருந்து போன் வரும். பிள்ளையைக் கூப்பிடுவது போல, ஊர் வழக்கப்படி என்னை 'மக்களே' என்பார்.

"ஆளு ஏதும் வந்துதா மக்களே?"

"பார்த்துட்டுப் போறாங்கம்மா, அமையல."

"சரி, கர்த்தர் பார்த்துக்கிடுவார். நீ வெயில்ல அலையாத."

ஒரு ஞாயிறு மட்டும் கொஞ்சம் அதிகம் பேசினார். "மவன் வீட்டுல ஒரு குறையும் இல்ல மக்களே. ஆனா வாடகை வந்தா, ஒரு செருப்பு வாங்கணும்னாலும் யார்கிட்டயும் கேக்கண்டாம் பாரு." எனக்குச் சுருக்கென்றது. தம்பி வீட்டில் நான் படுகிற அதே பாட்டை, அங்கே அந்த அம்மாவைப் பட வைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டுப் பையோடு இரும்புலியூர் போய்விட்டேன். நான் ஒன்றும் நல்லவள் இல்லை.

ஆனால் சும்மா இருந்தால் சந்தேகம் வரும். வீட்டைக் காட்டுகிறேன் என்று தெரிய வேண்டும், அமையவும் கூடாது. அப்போதுதான் அந்தப் பெண் போன் செய்தாள். முப்பது வயசு இருக்கும். நாவலூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை; இரும்புலியூரில் கம்பெனி வண்டி ஏற்றிக்கொள்ளும்.

"எத்தனை பேர்?"

"நான் மட்டும்தான் அக்கா. கல்யாணம் ஆச்சு, அது முடிஞ்சும் போச்சு. மறைச்சு வீடு எடுக்க விருப்பமில்ல, அதான் முதல்லயே சொல்றேன்."

வேறு எந்த வீடாக இருந்தாலும் "கஷ்டம்பா" என்று வைத்திருப்பேன். இந்த முறை, "வாங்க, பாருங்க" என்றேன். நிச்சயம் அமையாத பார்ட்டி வேறு எங்கே கிடைக்கும்?

வந்தாள். வெயிலைப் பார்த்தாள். சமையலறைக் குழாயைத் திறந்து மூடினாள். பிறகு வாசல் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடியும் போட்டாள். "நல்லா விழுது அக்கா" என்றாள்.

"ஓனர்கிட்ட நீங்களே கேட்டுக்குங்க" என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன். இது தொழிலில் ஒரு வழக்கம். முடியாது என்பதை ஓனர் வாயாலேயே கேட்டுவிட்டால் பார்ட்டி நம்மேல் குறைப்படாது. "அம்மா, ஒருத்தங்க வந்திருக்காங்க. ஆனா தனியா இருக்கிற பொண்ணு. நீங்க ஃபேமிலிக்குத்தானே சொல்லியிருக்கீங்க?" என்றேன்.

"நான் எப்பம் சொன்னேன்? அது விளம்பரத்துல நீ போட்டதுல்லா மக்களே?"

ஸ்பீக்கரை அணைக்கத் தேடினேன். அதற்குள் அந்த அம்மா தொடர்ந்தார்.

"ஒத்தைக்கு இருந்தா என்ன? நானும் வேலை பார்த்த காலத்துல ஒத்தைக்கு வீடு கிடைக்காம அலைஞ்சவதான். குடு மக்களே, குடு."

அந்தப் பெண் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பித் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். "பத்து வீடு பார்த்துட்டேன் அக்கா. நீங்க பேசினதாலதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பள்ளி மூடும்போது கொடுத்த பணம் வங்கியில் அப்படியே கிடந்தது. அட்வான்ஸுக்குத் தாராளமாகப் போதும். வாடகையும் தட்டுத் தடுமாறிக் கொடுத்திருப்பேன். நான்கு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்த அம்மாவோடு பேசினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "எனக்குத் தர்றீங்களாம்மா?" என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். யாரும் சொல்லாத ஒரு நிபந்தனையை நானே எழுதி, நானே அதற்குப் பயந்து, காலி வீட்டில் திருட்டுத்தனமாகச் சோறு தின்றிருக்கிறேன். தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான் போல. ஒரு கணம், "வீடு இல்லை" என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவள் என் கையை விடவில்லை. சாவியைக் கொடுத்தேன்.

பால் காய்ச்ச என்னைத்தான் கூப்பிட்டாள். வேறு யாரும் வரவில்லை. சமையல் மேடை ஓரத்தில் நான் எடுக்க மறந்த டம்ளர் இருந்தது. "இது யாரோடது அக்கா?" என்று கேட்டாள். முன்பு இருந்தவர்கள் விட்டுப்போயிருப்பார்கள் என்றேன். அதைக் கழுவி, அதில்தான் எனக்குப் பால் ஊற்றிக் கொடுத்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து குடித்தேன். "உங்க வீட்டுல எத்தனை பேர் அக்கா?" என்றாள். "ஐந்து பேர்" என்றேன்.

போன வாரம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சிங்கிள் பெட்ரூம் காலி என்று தெரிந்தது. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, ஒரு மரத்தடியில் நின்று ஓனருக்குப் போன் செய்தேன். நான் கேட்கும் அதே கேள்வியை அவர் கேட்டார்.

"எத்தனை பேர் மேடம்?"

"ஒருத்தங்கதான் சார். லேடி, நாற்பத்தாறு வயசு. டீச்சரா இருந்தவங்க."

அந்த லேடி நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"கூட யாரும் இல்லையா?"

"இல்ல சார்."

"நல்லவங்களாத்தான் இருப்பாங்க மேடம். ஆனா உங்களுக்குத் தெரியாததா? பின்னாடி எதுனா பேஜார் ஆச்சுன்னா யார் பார்க்கிறது?"

"சரி சார்" என்றேன். "ஃபேமிலி யாராவது வந்தா கூட்டிட்டு வர்றேன்."