முற்றவெளி வரை ஓடிய கண்டக்டர் அண்ணை

எங்கள் ஆஸ்பத்திரியின் மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டியில், தடுப்பு மருந்துகளுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன இன்சுலின் போத்தல் இருக்கும். அதில் ஒட்டியிருந்த தாளில் பெயர் கிடையாது. 'பஸ்' என்று மட்டும் என் கையெழுத்தில் எழுதியிருக்கும். எழுபதுகளின் நடுப்பகுதி அது. தாதிப் பயிற்சி முடித்து, வேலணைப் பக்கத்தில் இருந்த அந்தச் சிறிய ஆஸ்பத்திரிக்கு முதல் நியமனத்தில் வந்திருந்தேன். போத்தலுக்கு உரியவர் குறிகட்டுவான் பஸ்ஸில் கண்டக்டர். அடுத்த ஒழுங்கையில்தான் வீடு. விடிந்ததும் ஊசிக்கு வருவார். நான் கண்ணாடிக் குழாயைக் கொதிக்கவைத்து எடுக்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார். "பேரைப் போடாதேங்கோ மிஸ்ஸி. சலரோகக்காரன் எண்டு தெரிஞ்சால் வேலையாலை நிப்பாட்டிப் போடுவினம்" என்று முதல் நாளே கேட்டுக்கொண்டார். நீரிழிவைச் சலரோகம் என்றும் தாதிமாரை மிஸ்ஸி என்றும்தான் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நான் அவரை அண்ணை என்றேன்.

பள்ளிக்கூட நாட்களில் அவர் ஒரு மைல் ஓட்டத்தில் யாழ்ப்பாணத்துப் போட்டி வரை போய் வென்றவர். இருபத்துநாலு வயதில் இந்தச் சலரோக வருத்தம் வந்தது. கிணற்றையே குடித்து முடிப்பதுபோல் தாகம், மூன்று மாதத்தில் உடம்பு கரைந்து கழுத்தெலும்பு தெரிந்தது. இன்சுலின் அவரை எழுப்பிவிட்டது. ஆனால் வீட்டில் வாளி தூக்கவும் விடவில்லை. டொக்டரோ, "உமக்கு ஓட்டம் சரிவராது" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பனங்கூடல்களுக்கு இடையே தனியே ஓடிக்கொண்டிருந்தார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "வருத்தம் வந்த நாள் தொடக்கம் எல்லாரும் என்னை இருத்தி வைக்கினம், மிஸ்ஸி. ஓடேக்கைதான் நான் ஒரு ஆள் எண்டு தெரியுது."

சித்திரையில் ஒரு வாசிகசாலைக்காரர் மரதன் ஓட்டம் வைத்தார்கள். வேலணையில் தொடங்கி, அல்லைப்பிட்டி தாண்டி, பண்ணைப் பாலத்தால் ஏறி, யாழ்ப்பாணம் முற்றவெளி மைதானத்தில் முடிவு. ஒன்பது பத்து மைல் வரும். அன்று காலையும் வழக்கம்போல் வந்தார், வழக்கமான அளவை நானும் போட்டேன். சாப்பிட்டாரா என்று கேட்கவில்லை. வெறும் வயிறு என்றால் கால் லேசாக இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, அவர் பச்சைத் தண்ணீரோடு ஓடப் போயிருக்கிறார்.

அல்லைப்பிட்டியில் முதல் ஐந்து பேருக்குள் இருந்தாராம். பிறகு கால் பின்னியது. தெருவில் இருந்து வேலிக்கும் வேலியில் இருந்து தெருவுக்கும் தள்ளாடினார். யாரோ பிடித்து நிறுத்த, பிடித்தவரையே அண்ணை கெட்ட வார்த்தையால் திட்டினாராம். அவர் வாயில் அப்படிச் சொல்லை ஊர் கேட்டதே இல்லை. "கள்ளடிச்சுப் போட்டு ஓட வந்திருக்கிறான்" என்று ஒருவர் சொல்ல, சனம் சிரித்தது. தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். அப்படியே விழுந்தவரை எதிரே வந்த பஸ்ஸில் தூக்கிப்போட்டு எங்களிடம் கொண்டுவந்தார்கள். ஊசியும் வெறும் வயிறும் ஓட்டமும் சேர்ந்து இரத்தத்தில் சீனியை அடியோடு இறக்கியிருந்தன. நரம்பில் குளுக்கோஸ் ஏறி முடிவதற்குள் கண்ணைத் திறந்தார். என்னை அடையாளம் கண்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நான் குடிக்கேல்லை, மிஸ்ஸி."

டொக்டர் அவரை ஏசவில்லை. என்னைத்தான் கேட்டார். "ஊசி போட்டனீர். சாப்பிட்டவரோ எண்டு கேட்டனீரோ?" அத்தனை ஆண்டு தாதி வேலையில் எத்தனையோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள். இந்த ஒரு கேள்விதான் இன்றும் நிற்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவர் வேலைக்குப் போகவில்லை. பேசிக்கொண்டிருந்த கலியாணமும் குழம்பியது. குடிகாரனுக்குப் பெண் கொடுக்க ஏலாது என்று பெண் வீட்டார் சொல்லியனுப்பினார்கள். சலரோகத்தைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் குடிகாரன். இரண்டில் ஒன்றை அவர் எடுக்கவேண்டியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை நான் யாழ்ப்பாணம் போக பஸ்ஸில் ஏறினேன். பஸ் நிறையச் சனம். புறப்பட முன், கண்டக்டர் அண்ணை மிதிபலகையில் ஏறி உள்ளே பார்த்து நின்றார். தொண்டையைச் செருமினார். "எல்லாரும் ஒருக்கால் கேளுங்கோ. எனக்குச் சலரோகம். நான் வாழ்நாளிலை கள்ளுத் தொட்டதில்லை. ஒருநாள் என்ரை கதை பேச்சு தடுமாறினால் வெறி எண்டு நினையாதேங்கோ. நினைவு இருக்கேக்கையே வாயிலை ஒரு துண்டு பனங்கட்டி வையுங்கோ. இந்தப் பொக்கற்றுக்குள்ளை இருக்கு." காக்கிச் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். முன் இருக்கையில் நயினாதீவில் இருந்து வந்த, மடியில் வெற்றிலைப் பை வைத்திருந்த அம்மாள் ஒருத்திதான் வாய் திறந்தாள். "அதுக்கென்ன தம்பி, வைப்பம். இப்ப பஸ்ஸை எடு." அடுத்த நாள் நான் போத்தலில் அவருடைய முழுப் பெயரையும் எழுதினேன். வேலையும் போகவில்லை. ஓட்டுநர்களும் கண்டக்டர்களும் மேலதிகாரியிடம் ஒன்றாகப் போய்ப் பேசினார்கள் என்று பிறகு அறிந்தேன்.

டொக்டரும் இறங்கிவந்தார். "ஓடத்தான் போறீர் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு ஓடாதையும்" என்று ஒரு பழைய கொப்பியைக் கொடுத்தார். ஒவ்வொரு ஞாயிறும் ஓட முன்னும் ஓடிய பின்னும் சிறுநீர் கொண்டுவருவார். நீலக் கரைசலில் சில துளி விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவேன். நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். செங்கல் நிறம் என்றால் ஏராளம். என்ன சாப்பிட்டார், எத்தனை மைல், எவ்வளவு மருந்து, என்ன நிறம் என்று கொப்பி நிறைந்தது. எத்தனையோ ஞாயிறு கணக்குப் பிழைத்தது. மண்டைதீவுச் சந்தியில் குந்தியிருந்து பனங்கட்டி கடித்துவிட்டு நடந்து திரும்பிய நாட்கள் உண்டு. மாரிகாலம் முழுவதும் காலில் ஒரு புண் ஆறாமல் ஓடவே விடவில்லை. தை பிறந்த பிறகுதான் எங்களுக்குப் பிடிபட்டது. ஓடும் நாளில் மருந்து குறைய வேண்டும். விடியப் புட்டும் வாழைப்பழமும் வயிற்றில் இருக்க வேண்டும். மூன்று மைலுக்கு ஒருதரம் ஒரு துண்டு பனங்கட்டி.

அடுத்த சித்திரையில் நான் முற்றவெளிப் பக்கத்துப் பாலத்தடியில் நின்றேன். சீனி பங்கீட்டுக் கூப்பனுக்கு மட்டும் கிடைத்த காலம் அது. வீடுகளில் தேத்தண்ணீரைப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் குடிப்போம். அல்லைப்பிட்டியில் ஒரு பெண் தன் வீட்டுக் கூப்பன் சீனியைக் கரைத்து, செம்போடு தெருவில் வந்து நின்றாளாம். போன வருடம் வாளித் தண்ணீர் ஊற்றியவர் அவளுடைய புருஷன்தான். அண்ணை நின்று, அந்த மனிதருக்கு முன்னாலேயே குடித்து, "நல்ல இனிப்பு" என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கிறார். பாலத்தின் நடுவில் எதிர்க்காற்று. முதலில் வந்தவர்கள் போய் வெகுநேரம் கழித்து, ஒரு காலைச் சற்று இழுத்தபடி அவர் வந்தார். பதின்மூன்றாவது ஆள். "அண்ணை, இது என்ன மாதம்?" என்று கேட்டேன். பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். "சித்திரை, மிஸ்ஸி. என்ரை பேரையும் சொல்லட்டோ?"

இப்போது என் பேத்தி முறையான ஒரு பிள்ளை கையில் ஒட்டிய சிறு கருவியால் தன் சீனியைப் பார்க்கிறாள். விளக்கும் வேண்டாம், கரைசலும் வேண்டாம். அவளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "அவர் வெண்டாரோ?" என்றுதான் கேட்டாள். அவர் ஒருநாளும் மரதன் வெல்லவில்லை. பிறகும் ஐந்து முறை ஓடினார், ஐந்திலும் முடித்தார். குழம்பிய கலியாணம் அந்த வைகாசியில் அதே பெண்ணோடு நடந்தது. ஆனால் நான் பேத்திக்குச் சொன்னது, ஓட்டம் முடிந்த அன்று ஊர் திரும்பிய பத்துமணி பஸ்ஸைப் பற்றி.

அண்ணைக்கு அன்று முழு நாள் லீவு கிடைக்கவில்லை. ஓடிய சட்டையின் மேலேயே காக்கியை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார், வீடு திரும்ப நானும் ஏறினேன். வெற்றிலைப் பை அம்மாள் எழும்பித் தன் இடத்தைக் காட்டினாள். "இரும் தம்பி. இண்டைக்கு நாங்கள் பாப்பம்." அவர் மறுத்தார், கால்கள் மறுக்கவில்லை. சற்று நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மிஸ்ஸி, பசிக்குது." சீனி இறங்குவதற்கு முதல் அறிகுறியும் பசிதான். நெற்றியைத் தொட்டேன், வியர்வை இல்லை. கை நடுங்கவில்லை. ஓடியவனுக்கு வரும் வெறும் பசிதான் அது. யாரோ புட்டுப் பொதியை அவிழ்த்தார்கள், யாரோ பொரித்த மீனை நீட்டினார்கள். வழியெல்லாம் அவர் அடிக்க வேண்டிய மணியை இறங்குகிறவர்கள் தாங்களே கயிற்றை இழுத்து அடித்தார்கள்.

என் தரிப்பிடம் வந்தபோது மணியை நானே அடித்தேன். இறங்கி நின்றதும், புறப்படச் சொல்லும் இரட்டை மணி பின்னால் கேட்டது. திரும்பினேன். எட்டாத கயிற்றைக் குதிக்காலை உயர்த்திப் பிடித்திருந்தாள் அம்மாள். கண்டக்டர் அண்ணை வாய் நிறையப் புட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார்.