எங்கள் மேசையில் உண்மையைச் சொன்ன நைனா அண்ணன்

சென்ற மாதம் ஒரு காலை, புதிய உணவு ஆய்வு ஒன்றுக்கான கேள்விப் படிவத்தை அலுவலகத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். கைபேசி ஒலித்தது.

“அக்கா, நான் பாத்திமா. நைனா முகமது மக. அத்தா மௌத்தாயிட்டாங்க. ஹார்ட் அட்டாக். அசர் தொழுகைக்கு அப்புறம் எடுக்குறோம். அத்தா போன்ல உங்க நம்பர் ‘சாப்பாட்டு டீச்சர்’னு இருந்துச்சு. அதான் கூப்பிட்டேன்.”

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. திரையில் பாதி திருத்திய கேள்வி நின்றுகொண்டிருந்தது: ‘நேற்று நாங்கள் கொடுத்த உணவைத் தவிர வேறு எதையாவது உண்டீர்களா?’ எத்தனையோ பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அதற்கு முழு உண்மையைச் சொன்னார் என்று நான் நம்புகிற ஒரே மனிதர் இறந்துபோயிருந்தார்.

அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உங்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், நீரிழிவும் கொலஸ்ட்ராலும் உள்ளவர்களுக்கு ஓர் ஆய்வுக்காக ஆறு மாதம் நாங்களே சமைத்துப் போட்டோம். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மாடியில் ஒரு கூடம். சிவப்பரிசியும் பார்லியும் கலந்த சோறு, பருப்பு, நிறையக் கீரை, தேங்காய்ப்பால் குறைத்த மீன் குழம்பு. மாலையில் வந்து சாப்பிட வேண்டும். மறுநாளைக்கான உணவைப் பெட்டியில் எடுத்துப் போக வேண்டும். வெளியே எதையும் தொடக்கூடாது. தொட்டால் என்னிடம் சொல்ல வேண்டும். எழுதிக்கொள்வது என் வேலை. எத்தனை முறை தவறினால் ஒருவரை விலக்குவோம் என்பதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் மறைப்பார்கள் என்பதுதான் காரணம்.

முதல் நாள் படிவத்தில், ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற இடத்தை அவர் காலியாக விட்டிருந்தார். கேட்டேன். “வீட்டுக்காரிக்குச் சக்கரை, தங்கச்சி. மொதல்ல விரல எடுத்தாங்க, அப்புறம் கால எடுத்தாங்க, அப்புறம் அவளே போயிட்டா. அவளுக்கு என்ன ஆக்கிப் போடணும்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியல. ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. நீங்களாச்சும் ஒழுங்கா எழுதி வெச்சா அடுத்து வர்றவனுக்கு ஆகும்ல?” என்றார். அந்த இடத்தில் நான் ‘மற்றவர்களுக்கு உதவ’ என்று எழுதினேன். படிவத்தில் அவ்வளவுதான் இடம்.

சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் அவருக்கு வேலை. வந்திறங்கும் பெட்டிகளை எடைபோட்டு, அனுப்பியவர் எழுதிக் கொடுத்த எடையோடு சரிபார்ப்பார். சாப்பிட்டு முடித்த தட்டுகளில் மிச்சத்தை நாங்கள் எடைபோடுவதை முதல் வாரமே வந்து பார்த்தார். தட்டின் எடையைக் கழிக்க நான் மறந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். “என் வேலையில இப்படிச் செஞ்சா பிளேன் ஒரு பக்கமா சாயும்” என்றார். அன்று அத்தனை தட்டுகளையும் மறுபடியும் எடைபோட்டோம். அவர் வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் நின்று எண்களைப் படித்துச் சொன்னார்.

அவர் சொன்ன முதல் தவறு ஒரு கோப்பை தே, அதாவது தேநீர். கூட வேலை பார்த்தவர் ஓய்வு பெற்ற நாளில் கெட்டிப்பால் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். “தே ஓ கோசோங் கேட்டேன், தங்கச்சி. பாலும் இல்லாம சீனியும் இல்லாமயா வழியனுப்புறதுன்னு திட்டுறான்.” அடுத்தது, இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் பார்த்த அன்று எண்ணெயில் பொரித்த இரண்டு கறிப்பாப். மூன்றாவது, மனைவியின் நினைவு நாளில் ஒரு துண்டு அல்வா. ஒவ்வொரு முறையும் நான் கேட்பதற்கு முன்பே, என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று வரிசையாகச் சொல்லிவிடுவார். மேசையில் எல்லாரும் சிரிப்பார்கள்.

“அண்ணே, நீங்க இப்படியே சொல்லிக்கிட்டு இருந்தா நாங்கெல்லாம் பொய் சொல்றோம்னு ஆயிடும் லா” என்பார் எதிரே உட்காரும் பார்வதி அக்கா. பள்ளி உணவகத்தில் முப்பது வருடம் கடை வைத்திருந்தவர்.

“நீங்க பொய் சொல்லலையா?”

“நான் முருங்கைக்கீரையத் தவிர வேற எதையும் பாக்குறதே இல்ல!”

“சரிதான். உங்க ஹேண்ட்பேக்ல பக்கோடா வாசம் வருது. கீரைப் பக்கோடாவா இருக்கும்.”

மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அவருடைய சர்க்கரையும் இறங்கியிருந்தது, கெட்ட கொழுப்பும் இறங்கியிருந்தது. தாளைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, “இதை அவ இருக்கும்போது ஆரம்பிச்சிருக்கக் கூடாதா, தங்கச்சி?” என்றார். அவர் என்மேல் வைத்த ஒரே குறை அது.

நான்காம் மாதத்தில் ஒரு மாலை, நண்பர் மகன் திருமணத்தில் அரைத் தட்டு பிரியாணி சாப்பிட்டதாகச் சொன்னார். அது நான்காவது தவறு. நான்காவதோடு ஆளை விலக்க வேண்டும் என்பது எங்கள் விதி. எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பேனாவைக் கீழே வைத்தேன். “அரைத் தட்டுதானே, அண்ணே. தொட்டுப் பாத்தீங்கன்னு வெச்சுக்கலாமா?” என்று கேட்டேன்.

“தொட்டா பாத்தேன்? தின்னேன். எழுதுங்க” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “எழுத மாட்டீங்கன்னா எதுக்குத் தங்கச்சி கேக்குறீங்க?”

எழுதினேன்.

எழுதாமல் இருந்திருக்கலாம். அல்லது, இதை எழுதினால் உங்களை விலக்கிவிடுவார்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். இரண்டையும் நான் செய்யவில்லை. அன்று அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பகலில் அவரைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. மாலையில் சாங்கியிலிருந்து நேராக வந்துவிட்டார். அவருடைய எண் ஒட்டிய தட்டு இல்லை. மேசையோரம் நின்றபடி, “இன்னைக்கு எனக்குச் சாப்பாடு இல்லையா?” என்று கேட்டார். வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

“நான் சொன்னதுல எதுவும் தப்பா இருந்துச்சா?”

“இல்லண்ணே. சரியாத்தான் சொன்னீங்க.”

“அப்ப சரி” என்று படியிறங்கினார். அவருக்கு வீட்டில் சமைக்க ஆளில்லை. பாத்திமாவுக்கும் ஷிப்ட் வேலை. அன்று அவர் எங்கே சாப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை.

ஆறு மாதம் முடிந்து கடைசி விருந்து வைத்தோம். இனி என்ன பயம் என்று எல்லாருமே வாயைத் திறந்தீர்கள். பார்வதி அக்கா பக்கோடாவை ஒப்புக்கொண்டார். ஒருவர் வாரம்தோறும் பரோட்டா சாப்பிட்டதைச் சொன்னார். கூடமே சிரித்தது, நானும் சிரித்தேன். உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் நடந்தது இதுதான். சொல்லாதவர்களின் ரத்தம் எங்கள் அறிக்கையில் இருக்கிறது. சொன்னவருடையது இல்லை. விலக்கப்பட்டவரின் நான்கு மாதமும் கணக்கில் சேராது.

ஓராண்டு கழித்துத் தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது பின்னாலிருந்து “தங்கச்சி” என்று குரல் கேட்டது. நைனா அண்ணன். இளைத்திருந்தார். இடது காலில் கட்டு, அதன்மேல் பெரிய அளவுச் செருப்பு.

“செருப்பு கடிச்சது ஆற மாட்டேங்குது” என்றார். பிறகு ஆவலாகக் கேட்டார்: “ஆராய்ச்சி முடிஞ்சுதா? என்ன தெரிஞ்சுது? நான் கொடுத்தது அதுல இருக்குல்ல?”

நான் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். “இருக்குண்ணே. நீங்க சாப்பிட்டது, உங்க ரத்தம், எல்லாமே இருக்கு” என்றேன்.

அவர் சிரித்தார். வாய் நிறைய, கண்ணெல்லாம் சுருங்கச் சிரித்தார். “அது போதும் தங்கச்சி. வீட்டுக்காரிக்குச் செய்யாதத யாருக்கோ செஞ்சாச்சு.” நல்ல வஞ்சிரமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் போனார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

எங்கள் உணவு தொடர்ந்திருந்தால் அவர் இன்று இருந்திருப்பாரா? தெரியாது. ஒரே ஒருவரை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்றுதான் நான் படித்திருக்கிறேன். அந்தப் படிப்பு இந்த ஒரு மாதமாக எனக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஈசூனில் பாத்திமாவின் வீட்டுக்குப் போனேன். விலக்கியது, தேக்காவில் பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் அல்லது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தாள். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

“போன வருஷம் ஆஸ்பத்திரில இதே மாதிரி ஒரு சாப்பாட்டுத் திட்டத்துக்கு அத்தாவைக் கூப்பிட்டாங்க, அக்கா. தினமும் சமைச்சே கொடுப்பாங்களாம். ஃபார்ம் வரைக்கும் வந்துடுச்சு. அத்தா மாட்டேன்னுட்டாங்க. ‘நான் ஏற்கனவே கொடுத்தாச்சு, எல்லாம் எழுதி இருக்கு, என் எடத்த வேற யாருக்காவது கொடுங்க’ன்னு சொல்லிட்டாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். சாப்பாட்டு டீச்சரே சொல்லிட்டாங்கன்னாங்க.”

எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். இதை எழுதலாமா என்று கேட்டேன். “எழுதுங்க” என்றாள். அதற்கு மேல் என்னோடு பேச அவளுக்கு விருப்பமில்லை என்பது தெரிந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

மறைந்தவர்களிடமிருந்து கற்றதைச் சொல்லித்தான் இப்படிப்பட்ட கட்டுரையை முடிப்பார்கள். நான் எதையும் கற்றதாகச் சொல்ல முடியவில்லை. அவர் என்னோடு இருந்த நான்கு மாதமும் உண்மையையே சொன்னார். அப்படியும் அவர் முகத்துக்கு நேராக என்னால் ஓர் உண்மையைச் சொல்ல முடியவில்லை. நைனா அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது மீன் கடை முன்னால் அவர் சிரித்த அந்தச் சிரிப்பு ஒன்றுதான். பொய்யைக் கொடுத்து நான் வாங்கியது அது. திருப்பிக் கொடுக்க இனி அவர் இல்லை.