மகளுக்கு அடைத்த தோட்டாக்கள்

வெர்னா குபாலாவுக்குப் பயம் உண்டு என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். பனி உறைந்த மலைச்சாலையில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். கணவன் இறந்த பிறகு தனியாகவே மான் வேட்டைக்குப் போய், சுட்ட மானைத் தனியாகவே இழுத்துக்கொண்டு வருகிறவள். மாவட்டத் தலைநகரில் கூட்டம் போட்டால், கோட்டு மாட்டிய வக்கீல்கள் முன்னால் எழுந்து நின்று, "எங்க துப்பாக்கிய நாங்க பாத்துக்குவோம், நீங்க உங்க வேலயப் பாருங்க" என்று போட்டு உடைத்துவிட்டு உட்காருவாள்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் அவளை அரித்துக்கொண்டேதான் இருந்தது. என்றைக்காவது ஒரு சட்டம் வரும், எவனாவது வாசலில் வந்து நின்று கணவனின் ரைஃபிளைக் கேட்பான் என்ற பயம். அதனால்தான் துப்பாக்கி உரிமைச் சங்கத்தில் சேர்ந்தாள். பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் பாதிப் பேருக்கு இதே வியாதி. அந்த இலையுதிர்காலத்தில் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தப் புதிய மசோதா வருகிறது என்று கேள்விப்பட்டதுமே ஜனங்கள் கடைகளில் புகுந்து தோட்டாக்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வேட்டைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அலமாரிகளில் தூசிதான் இருந்தது.

வெர்னாவுக்கு அந்தக் கவலை இல்லை. சுட்ட பித்தளை உறைகளைப் பொறுக்கி வந்து, நிலவறையில் உட்கார்ந்து, புதிதாக வெடிமருந்து அளந்து போட்டு, குண்டு பொருத்தித் தானே தோட்டா செய்துகொள்வாள். இந்த வருடம் அதில் ஒரு தனிச் சந்தோஷம் வேறு. பிட்ஸ்பர்க் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மகள் டெனீஸ் வேட்டைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். குண்டடி பட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, அம்மா எதிர்க்கும் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறவள் டெனீஸ். இரண்டு பேரும் ஒரு பண்டிகையையாவது சண்டை போடாமல் சாப்பிட்டது கிடையாது. அப்படிப்பட்டவள் போனில், "மா, அப்பாவோட ரைஃபிள் இன்னும் இருக்குல்ல?" என்று கேட்டாள். வெர்னா அன்றைக்கே உட்கார்ந்து மகளுக்கென்று ஒரு பெட்டி தோட்டா அடைத்து முடித்தாள்.

வேட்டைக்கு ஒரு வாரம் முந்தின சனிக்கிழமை எங்கள் சங்கத்தின் சுடுதளத்தில் ஊருக்கே இடம் உண்டு. யார் வேண்டுமானாலும் துப்பாக்கியைக் கொண்டுவந்து குறி சரிபார்த்துக்கொள்ளலாம். முந்தின நாளே ஊருக்கு வந்துவிட்ட டெனீஸ், ரைஃபிளையும் தோட்டாப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டாள். வெர்னா முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வதக்கிக்கொண்டு பின்னால் போவதாகப் பேச்சு. போகும்போது சங்கத் தலைவர் மெர்ல் ஸ்ட்ரௌஸுக்குக் கொஞ்சம் மருந்து கொடுக்கலாம் என்று நிலவறைக்கு இறங்கி, ரைஃபிள் மருந்து டப்பாவைத் திறந்தாள்.

ரைஃபிள் மருந்து பென்சில் முனையை நறுக்கினாற்போல் குட்டிக் குட்டிக் குச்சியாக இருக்கும். அதற்கு நடுவே தட்டையான செதில்கள் மின்னின.

அது கைத்துப்பாக்கி மருந்து. கண் மூடித் திறப்பதற்குள் எரிந்து தீர்ந்துவிடும். ரைஃபிள் தோட்டாவில் அதை நிரப்பினால், விசையை அழுத்துகிறவரின் முகத்திலேயே துப்பாக்கி வெடிக்கும். மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான் இருக்க வேண்டும், எழுந்து போகும்போது மருந்தை அளந்து இறக்கும் அளவுப் புனலைக் காலி செய்ய வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே வெர்னாதான்.

மகளுக்குத் தோட்டா அடைத்த அன்று என்ன நடந்தது என்று அவளுக்கு நினைவு வந்தது. முதலில் கைத்துப்பாக்கிக்கு மருந்து அளந்துகொண்டிருந்தாள். மெர்ல் போனில் கூப்பிட்டான். "வெர்னா, மசோதா கமிட்டியத் தாண்டிருச்சு. எல்லாருக்கும் உடனே போனைப் போடு!" போட்டது போட்டபடி எழுந்து போனாள். கொதிப்போடு திரும்பி வந்து, டப்பாவை மட்டும் மாற்றி வைத்து, கைத்துப்பாக்கி மருந்து மிச்சம் கிடந்த புனலில் ரைஃபிள் மருந்தைக் கொட்டி மகளுக்கு அடைத்தாள். மிஞ்சியதைத் திரும்ப ரைஃபிள் டப்பாவிலேயே கொட்டினாள். அடியில் கிடந்தது முதலில் இறங்கும். முதலில் அடைத்தவைதான் பெட்டியின் ஓரத்தில் இருக்கின்றன. எல்லாரும் ஓரத்திலிருந்துதான் எடுப்பார்கள்.

சுடுதளம் பள்ளத்தாக்கில் இருக்கிறது, கைபேசி எடுக்காது. சங்கக் கட்டடத்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. காதில் அடைப்பான் மாட்டியவர்களுக்கு அது எங்கே கேட்கும்? அடுப்பை அணைத்தாளா என்றுகூட அவளுக்குத் தெரியாது. வண்டியை அவள் ஓட்டிய ஓட்டத்தைப் பார்த்திருந்தால் பேருந்து லைசென்ஸைப் பிடுங்கியிருப்பார்கள். பள்ளத்தாக்கில் இறங்கும்போதே சுடும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் மகளின் முகம், அதில் கண்கள் இருந்த இடம், அவள் முன்னால் வந்து வந்து போனது.

வண்டியிலிருந்து குதித்து, "நிறுத்துங்க! சுடாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். எங்கள் தளத்தில் யார் அப்படிக் கத்தினாலும் சரி, அத்தனை பேரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட வேண்டும். மெர்ல் ஊதலை ஊதினான். சத்தம் ஓய்ந்தது.

டெனீஸ் கடைசிப் பெஞ்சில் முழு முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"சுட்டியா? சொல்லுடி, சுட்டியா?"

"இல்லம்மா. உனக்காகத்தான் காத்துட்டிருந்தேன். மொத தடவ நீ பக்கத்துல இருக்கணும்னு தோணுச்சு. என்னம்மா ஆச்சு?"

வெர்னா மகளின் கன்னங்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவ்வளவு பேர் முன்னால் அவள் அழுததை நாங்கள் அன்றுதான் பார்த்தோம். பிறகுதான் பெட்டியைத் திறந்தாள். ஓரத்து வரிசை காலியாக இருந்தது.

"இது எங்க?"

"பக்கத்துப் பெஞ்சுல ஒருத்தர் இருந்தார். எந்தக் கடையிலயும் தோட்டா கிடைக்கலயாம். கையில இருந்ததக் குறி பாக்கவே தீத்துட்டார். மானுக்கு என்ன பண்ணுவேன்னு பொலம்பினார். எனக்கும் இதே அளவுத் தோட்டாதான்னு நான்தான் ஒரு கை எடுத்துக் குடுத்தேன். வாங்கிக்கிட்டு அப்பவே கிளம்பிட்டார். நம்மாளுங்க பகிர்ந்துக்குவாங்கன்னு நீதானம்மா பெருமையாச் சொல்லுவ?"

"பேர் என்ன?"

"கேக்கலயே."

வெர்னா மெர்ல் பக்கம் திரும்பினாள். "வந்தவங்க பேர எழுதி வச்சிருப்பியே?"

மெர்ல் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "எழுதுற வழக்கத்த நிறுத்தினதே நீதான் வெர்னா. துப்பாக்கி வச்சிருக்கவன் பேரெல்லாம் ஒரே எடத்துல இருந்தா, அது ஒருநாள் யார் கைக்குப் போகும்னு கூட்டத்துல நின்னு சண்ட போட்டியே. நாங்களும் கை தட்டினோம்."

சாம்பல் நிற வண்டி என்பதைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எங்கள் ஊரில் பாதி வண்டி சாம்பல் நிறம்தான். மிச்சத் தோட்டாக்களில் ஒன்றை மெர்ல் பிரித்துக் கொட்டினான். அதிலும் செதில்கள் இருந்தன.

"நான் ரேடியோவுல சொல்லப் போறேன்" என்றாள் வெர்னா.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? வியாழக்கிழம சட்டசபையில மசோதாவுக்கு விசாரண. உன்னத்தான் பேச அனுப்புறோம். தன் தோட்டாவயே பாத்து அடைக்கத் தெரியல, இவங்க நமக்குப் பாதுகாப்பு பத்திப் பாடம் எடுக்குறாங்கன்னு நாறடிச்சிருவானுங்க. நாமளே சத்தமில்லாமத் தேடுவோம்."

"நம்ம பாதுகாப்ப நாமளே பாத்துக்குவோம்னு இத்தன வருஷமா கத்தினது பொய்யா, மெர்ல்? பாத்துக்கிறதுன்னா இதுதான். அந்தாளுக்கு முகம் இல்லாமப் போனா, நான் யாரோட உரிமைக்காகப் பேசறது?"

சாயங்கால ஒலிபரப்பில் தன் பெயரையும் ஊரையும் சொல்லி, தப்பு என்னுடையது, அந்தத் தோட்டாவைத் தொடாதீர்கள் என்றாள். தேவாலயங்களிலும் அறிவித்தார்கள். ஒரு வாரம் முழுக்க அவள் போன் ஓயவில்லை. திட்டினவர்கள் கூப்பிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை விசாரணையில் அவளை அனுப்பவில்லை. மெர்ல் சொன்ன மாதிரியே எதிர்த்தரப்புக்காரர் ஒருவர் அவள் பெயரைச் சொல்லிச் சிரித்தாராம். சாம்பல் நிற வண்டிக்காரர் மட்டும் கூப்பிடவே இல்லை.

வேட்டை தொடங்கும் காலையில், விடிவதற்கு முன்பே அம்மாவும் மகளும் காட்டுப்பாதை முகப்பில் நின்று ஒவ்வொரு வண்டியாக மறித்தார்கள். பலர் ரேடியோவில் கேட்டிருந்தார்கள். பையைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்கள். ஒரு சாம்பல் நிற வண்டிக்குள் தாடிக்காரன் ஒருவன் தனியாக இருந்தான். டெனீஸ் எட்டிப் பார்த்து, தான் தோட்டா கொடுத்த ஆள் இவன் இல்லை என்று தலையாட்டினாள். அப்படியும் வெர்னாவுக்கு விட மனம் வரவில்லை. கைமாறிப் போயிருந்தால்?

"ஐயா, உங்க தோட்டாவக் கொஞ்சம் காட்டுங்க."

"என் துப்பாக்கில என்ன போட்டிருக்கேன்னு கேக்க நீ யாரு? போலீஸா?"

அந்தக் கேள்வியை எத்தனையோ மேடைகளில் கேட்டவளே அவள்தான்.

"யாருமில்லப்பா. அந்தத் தோட்டாவ அடைச்சவ. கெஞ்சிக் கேக்குறேன்."

அவன் முகம் மாறியது. பையைப் பிரித்துக் காட்டினான். கடைத் தோட்டாதான்.

அப்போது மலைமேல் அன்றைய முதல் துப்பாக்கி வெடித்தது. வருடம் முழுக்க அந்தச் சத்தத்துக்காகவே காத்திருப்பவள் வெர்னா. இப்போது மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மானைச் சுட்ட சத்தமா, துப்பாக்கி சிதறிய சத்தமா என்று இவ்வளவு தூரத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. மலை முழுக்கத் துப்பாக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கத் தொடங்கின. இன்று ஒருநாள் மட்டும் ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல் போகக் கூடாதா, கடவுளே என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.