கடலெண்ணெய் குடித்த கோழிகள்

தாராபுரம் ரோட்டில் காளிச்சாமியின் கோழிப்பண்ணையைத் தெரியாதவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனுசன். கல்லுக்காட்டில் ஒற்றை ஆளாகக் கொட்டகை எழுப்பி, படித்தவர்களே கையைச் சுட்டுக்கொண்ட கறிக்கோழித் தொழிலில் பெயர் வாங்கினார். தொண்ணூற்றாறாம் வருசம் ஆடியில் அந்தப் பெயருக்குத்தான் அடி விழுந்தது.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. தோலை உரிச்சா வயிறு பூராவும் மஞ்ச மஞ்சயாக் கொழுப்பு. சதையக் காணோம். அடுத்த வண்டியும் இப்படித்தான்னா நான் வேற பண்ணை பாத்துக்கறேனுங்க" என்றார் உக்கடத்துக் கறிக்கடை நசுருதீன்.

காளிச்சாமிக்கு உச்சந்தலை கொதித்தது. குஞ்சு கொடுத்தவன்தான் ஏமாற்றிவிட்டான்! ஒரு கோழியைச் சாக்கில் போட்டுக்கொண்டு, பெருந்துறையில் சுந்தரராஜுலு நடத்திய குஞ்சுப் பொரிப்பகத்துக்குப் பஸ் ஏறினார்.

"சொத்தைக் குஞ்சை என் தலையில கட்டிப்போட்டீங்களே, நான் என்ன கேனயனா?" என்று வாசலிலேயே கத்தினார்.

அங்கிருந்த கால்நடை டாக்டர் சண்முகப்பிரியா கோழியை அறுத்துப் பார்த்தாள். "தீவனத்துல என்னங்கய்யா கலக்கறீங்க?"

"எங்க செக்குல நெலக்கடலை ஆட்டி எடுத்த கடலெண்ணெய். குஞ்சு வந்த அன்னிக்கே ஊத்த ஆரம்பிச்சிருவேன். எண்ணெயும் புண்ணாக்கும் போட்டு எருமைக்கன்னை யானையா வளத்த கை அம்மணி இது!"

"அதுதானுங்க வினை. கொழுப்புச் செல்லு பொறக்கறப்பவே கொழுப்பா இருக்காதுங்க. பிஞ்சா இருக்கும். அது பெருகிப் பரவறதுக்குன்னு சில ஜீன் வேலை செய்யும். எண்ணெய் மிஞ்சினா பிஞ்சு முத்த ஆரம்பிக்கும். அப்பப் பெருக வைக்கற ஜீன் அடங்கிப்போயிரும், கொழுப்பைச் சேக்கற ஜீன் முழிச்சுக்கும்."

"ஒரு வாரம் பட்டினி போட்டுப்போடறேன். சதையாகட்டும்."

"கொழுப்பு சுருங்குமுங்க. ஆனா முத்துனது சதையாகாதுங்கய்யா."

சாக்கை அங்கேயே வீசிவிட்டு வந்தார்.

பண்ணையில் மனைவி ராசாத்தாள் தீவனத்தில் எண்ணெய் டின்னைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து! எந்த மடையன் சொன்னான் இதை ஊத்தச் சொல்லி?"

"நீங்கதானுங்க."

டின்னை எட்டி உதைத்தார். கால் விரல் வீங்கியது. அதற்கும் டாக்டரைத்தான் திட்டினார்.

அடுத்து வந்த குஞ்சுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் காட்டவில்லை. வண்டி ஏற்றும் நாளில் ஒரு கோழியை நசுருதீன் கையில் திணித்தார். "நீங்களே அறுத்துப் பாருங்க!"

நசுருதீன் தோலை உரித்தார். நெஞ்சுச் சதை திரண்டிருந்தது.

"அருமைங்கண்ணா. என்ன பண்ணுனீங்க?"

"மூளை வேணுமில்ல? வேற பண்ணை பாக்கறேன்னீங்களே, போய்ப் பாக்கறதுதான?" என்று உறுமிக்கொண்டே, முதல் கூண்டைத் தானே தூக்கி வண்டியில் வைத்தார்.